ஆர்ட்டிகுலேட்: உச்சரிப்பிலிருந்து பயன்பாடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இறுதியாண்டு மாணவர்களுக்கு நேர்காணல் பயிற்சி கொடுப்பது என் வேலை. போன வருடம் ஒரு பையன் கையில் ஒரு தாளோடு வந்து நின்றான். மாதிரி நேர்காணலில் அவனைக் கேள்வி கேட்டவர் எழுதிக் கொடுத்த குறிப்பு அது. கடைசி வரியில் ‘நாட் ஆர்ட்டிகுலேட்’ என்று இருந்தது. “இங்கிலீஷ் சரியில்லைன்னு போட்டுட்டாங்க சார். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல சேரப் போறேன்” என்றான். எங்கே சேருவது, எவ்வளவு கட்டணம் என்றுகூட விசாரித்து வைத்திருந்தான்.

அவன் ஆங்கிலத்தில் பெரிய குறை ஒன்றும் கிடையாது. அந்தச் சொல்லைத்தான் அவன் தவறாகப் புரிந்துகொண்டிருந்தான். நம்மில் நிறையப் பேர் ஆர்ட்டிகுலேட் என்றால் ‘நல்லா இங்கிலீஷ் பேசுறது’ என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சொல்லுக்கும் எந்த மொழியில் பேசுகிறோம் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டி தமிழில் ஆர்ட்டிகுலேட்டாகப் பேசலாம். ஆங்கிலத்தில் மடமடவென்று பொரிந்து தள்ளுகிற ஒருவர் ஆர்ட்டிகுலேட்டாக இல்லாமலும் போகலாம். இந்த ஒரு சொல் சரியாகப் பிடிபட்டால், நம் பேச்சில் எதைத் திருத்த வேண்டும் என்பதும் பிடிபடும். அதனால் படிப்படியாகப் பார்த்துவிடலாம்.

படி 1: காதில் சரியாக விழட்டும்

எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பு இரண்டு. பெயரடையாக வரும்போது, அதாவது ‘தெளிவாகப் பேசத் தெரிந்த’ என்ற பொருளில், கடைசி அசை குறுகும்: ஆர்-டிக்-யு-லெட். வினைச்சொல்லாக வரும்போது, அதாவது ‘தெளிவாக எடுத்துச் சொல்’ என்ற பொருளில், அது நீளும்: ஆர்-டிக்-யு-லேட். இரண்டிலும் அழுத்தம் ‘டிக்’ மேல் விழ வேண்டும். பெயர்ச்சொல்லான ஆர்ட்டிகுலேஷனில் முக்கிய அழுத்தம் ‘லே’வுக்கு நகர்ந்துவிடும்.

இந்த லெட்-லேட் வித்தியாசம் இந்தச் சொல்லுக்கு மட்டும் உரியது இல்லை. ஆங்கிலத்தில் ஒரு கூட்டமே இப்படி நடந்துகொள்கிறது. செப்பரேட், கிராஜுவேட், மாடரேட், எஸ்டிமேட், டூப்ளிகேட் எல்லாம் வினையாக வந்தால் ‘ஏட்’, பெயராகவோ பெயரடையாகவோ வந்தால் ‘எட்’. கொத்தனாரிடம் “எஸ்டிமேட் போட்டுக் குடுங்க” என்கிறோம், கடையில் “டூப்ளிகேட் சாவி” என்கிறோம். தமிழுக்குள் அது அப்படியே இருக்கட்டும். ஆங்கில வாக்கியத்துக்குள் அதே சொற்கள் பெயராக வரும்போது எஸ்டிமெட், டூப்ளிகெட் என்று குறுக வேண்டும். ஒரு சொல்லுக்காகப் படித்த விதி பத்துச் சொல்லுக்கு உதவும்.

இனி இந்தக் கட்டுரையில் ஆங்கில வாக்கியம் காட்டும்போது மட்டும் பெயரடையை ‘லெட்’ என்றும் வினையை ‘லேட்’ என்றும் எழுதுகிறேன்.

படி 2: வேரைப் பிடியுங்கள், அது ஒரு மூட்டு

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். அகராதிப் பொருளை மனப்பாடம் செய்தால் மறந்துவிடும். வேர் தெரிந்தால் மறக்காது.

லத்தீனில் ‘ஆர்ட்டுஸ்’ என்றால் மூட்டு. ‘ஆர்ட்டிகுலுஸ்’ என்றால் சின்ன மூட்டு, விரலில் இருக்கிறதே அந்த மாதிரி. அதிலிருந்து வந்த வினைக்கு, மூட்டு மூட்டாகப் பிரிப்பது என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துக்குள் வந்தது. அரசியலமைப்புச் சட்டத்தின் ‘ஆர்ட்டிகிள்’ இதே குடும்பம்தான். ஒரு நீண்ட ஆவணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து இணைத்த கணு அது. பத்திரிகைக் கட்டுரையும், ‘எ, ஆன், தி’ என்று பள்ளியில் படித்த ஆர்ட்டிகிளும் அதே சொல். மூட்டுவலிக்கு மருத்துவர் எழுதும் ஆர்த்ரைட்டிஸ், மூட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அது இதற்குத் தூரத்துச் சொந்தம்.

மூட்டுக்கும் பேச்சுக்கும் என்ன உறவு? நாய் ஊளையிடுவதைக் கேட்டுப் பாருங்கள். ஒரே இழுப்பு. எங்கே ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. மனிதப் பேச்சு அப்படி இல்லை. ஒலி ஒலியாக, சொல் சொல்லாக, வாக்கியம் வாக்கியமாகப் பிரிந்து நிற்கிறது. பிரிந்து நின்றாலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கிறது. கரும்புக்குக் கணு இருப்பது போல. மூட்டு என்பதன் அழகே இதுதான்: இரண்டு எலும்பைத் தனியாகவும் காட்டும், சேர்த்தும் பிடிக்கும். ஆர்ட்டிகுலேட் என்ற சொல்லில் இந்த இரண்டு பாதியும் இருக்கின்றன. துண்டாக்குவது ஒரு பாதி, இணைப்பது மறுபாதி.

இது தெரிந்துவிட்டால், பேச்சோடு சம்பந்தமே இல்லாத இடங்களில் இந்தச் சொல் வரும்போது குழப்பம் வராது. உடற்கூறியல் புத்தகத்தில் ஒரு எலும்பு இன்னொன்றுடன் ‘ஆர்ட்டிகுலேட்ஸ் வித்’ என்று இருந்தால், அங்கே மூட்டாகச் சேர்கிறது என்று பொருள். தொடையெலும்பு இடுப்பெலும்போடு அப்படிச் சேர்கிறது. சென்னையில் ஒரு காலத்தில் ஓடிய வெஸ்டிபூல் பேருந்து நினைவிருக்கிறதா? நடுவில் துருத்தி மாதிரி மடிப்பு வைத்து, இரண்டு பெட்டி ஒன்றாக வளைந்து திரும்புமே, அதற்குப் பெயர் ஆர்ட்டிகுலேட்டட் பஸ். லண்டனில் 2011 வரை ஓடிய இதே வகைப் பேருந்தை அந்த ஊர்க்காரர்கள் ‘பெண்டி பஸ்’ என்று கூப்பிட்டார்கள். பிரிட்டனில் டிரெய்லர் லாரிக்கும் ஆர்ட்டிகுலேட்டட் லாரி என்றுதான் பெயர்.

இன்னொன்று, நீங்களே வாயில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். பல் அடைத்து முடித்ததும் பல் மருத்துவர் மெல்லிய நீலத் தாள் ஒன்றை வைத்து “கடிங்க, பக்கவாட்டுல அரைச்சுப் பாருங்க” என்பார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே மோதுகிறதோ அங்கே சாயம் ஒட்டும். அடைத்த இடம் துருத்திக்கொண்டு நின்றால் புள்ளி அடர்த்தியாக விழும், அதைக் கொஞ்சம் தேய்த்துவிடுவார். அந்தத் தாளுக்கு ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பர் என்று பெயர். இரண்டு தாடையும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கிற தாள்.

படி 3: வாய்க்குள் நடக்கும் ஆர்ட்டிகுலேஷன்

மொழியியலில் ஆர்ட்டிகுலேஷன் என்றால் ஒலிப்பு. நாக்கும் உதடும் பல்லும் அண்ணமும் சேர்ந்து, உள்ளிருந்து வரும் காற்றைத் தடுத்தும் நெருக்கியும் எழுத்தொலியாக்கும் வேலை அது. தமிழுக்கு இது புதிய செய்தி கிடையாது. தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இதற்காக இருக்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தாகப் பிறக்கிறது என்று அது சொல்கிறது.

ஒரு சின்னச் சோதனை. ‘பந்து’, ‘கன்று’, ‘வண்டு’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் நாக்கு நுனி பல்லைத் தொடுகிறது. இரண்டாவதில் பல்லுக்கு மேலே மேட்டில் தொடுகிறது. மூன்றாவதில் மடங்கி மேலண்ணத்துக்குப் போகிறது. மூன்றும் மூன்று ஒலிப்பிடம். குழந்தை ‘ர’ வராமல் ‘ல’ போட்டுப் பேசினால், பேச்சுப் பயிற்சியாளர்கள் பார்ப்பது இந்த ஒலிப்பைத்தான். மேடைப் பேச்சுக்கும் நாடகத்துக்கும் பயிற்சி தருகிறவர்கள் ‘ஆர்ட்டிகுலேஷன் பத்தலை’ என்றால், சொற்களை மென்று விழுங்குகிறீர்கள் என்று அர்த்தம். உங்கள் கருத்தைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை.

படி 4: வாக்கியத்தில் எப்படி உட்கார வைப்பது

பெயரடை: ‘ஷி இஸ் ஆன் ஆர்ட்டிகுலெட் ஸ்பீக்கர்’. மனதில் இருப்பதைக் கோர்வையாகச் சொல்லத் தெரிந்தவர் என்று பொருள். ஆளுக்கும் வரும், பேச்சுக்கும் எழுத்துக்கும் வரும். எதைப் பற்றி என்று சொல்ல வேண்டுமானால் ‘அபவுட்’ போடலாம்: ‘ஹி இஸ் ஆர்ட்டிகுலெட் அபவுட் ஹிஸ் வொர்க்’. ஒப்பிடும்போது ‘மோர் ஆர்ட்டிகுலெட்’.

வினை: இங்கேதான் நம் ஆட்கள் சறுக்குவார்கள். இந்தப் பொருளில் வினை வந்தால் பின்னாலேயே ஒரு செயப்படுபொருள் வர வேண்டும், நடுவில் ‘அபவுட்’ வரக்கூடாது. ‘ஹி ஆர்ட்டிகுலேட்டட் அபவுட் ஹிஸ் ப்ராப்ளம்’ என்பது தவறு. ‘ஹி ஆர்ட்டிகுலேட்டட் ஹிஸ் ப்ராப்ளம்’ என்பதே சரி. ‘பிரச்சினையைப் பற்றிச் சொன்னான்’ என்ற தமிழ் வழக்குதான் அந்த ‘அபவுட்’டை உள்ளே இழுத்துவருகிறது. ‘வை’, ‘வாட்’, ‘ஹவ்’ என்று தொடங்கும் துணை வாக்கியத்தையும் பின்னால் வைக்கலாம்: ‘ஐ குட் நாட் ஆர்ட்டிகுலேட் வை ஐ வாஸ் அப்செட்’. ஏன் மனசு சரியில்லை என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். எல்லாச் ‘சொன்னான்’களுக்கும் பதிலாக இதைப் போட முடியாது. டீ வேண்டும் என்று ஒருவர் சொன்னதை ஆர்ட்டிகுலேட் செய்தார் என்று எழுதினால் பொருந்தாது. சொல்வதற்குக் கொஞ்சம் கடினமான, உருவமில்லாமல் உள்ளே கிடக்கிற ஒன்றை வடிவம் கொடுத்து வெளியே கொண்டுவரும்போதுதான் இந்தச் சொல். எண்ணம், அச்சம், தேவை, குறிக்கோள், கொள்கை ஆகியவற்றோடு இது இயல்பாகச் சேரும்.

மருத்துவரிடம் போய் “ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்” என்கிறோமே, அந்த ‘ஒரு மாதிரி’யை நினைத்துப் பாருங்கள். வலியா, எரிச்சலா, படபடப்பா, எதுவும் அதில் இல்லை. நல்ல மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டு எடுப்பார். எப்போதிலிருந்து? சாப்பிட்டதும் வருகிறதா, வெறும் வயிற்றிலா? ஒரே இடத்திலா, நகர்கிறதா? கடைசியில் “மூணு நாளா, ராத்திரி சாப்பிட்டுப் படுத்ததும் நெஞ்சுக்குழியில எரியுது, எழுந்து உட்கார்ந்தா குறையுது” என்று வரும். ‘ஒரு மாதிரி’ இப்போது மூட்டு மூட்டாகப் பிரிந்து நிற்கிறது. இதுதான் ஒரு அறிகுறியை ஆர்ட்டிகுலேட் செய்வது. இதில் ஒரு ஆங்கிலச் சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

படி 5: எதிர்ச்சொல்லில் இரண்டு வகை

‘இன்ஆர்ட்டிகுலெட்’ என்றால் சொல்ல வராத நிலை. கோபத்தில் வார்த்தை குழறுவது, துக்கத்தில் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுவது, அல்லது பொதுவாகவே கோர்வையாகப் பேசத் தெரியாமல் இருப்பது. ‘அன்ஆர்ட்டிகுலேட்டட்’ வேறு. அது, இன்னும் வாய்விட்டுச் சொல்லப்படாத ஒன்று. வீட்டில் எல்லோர் மனதிலும் இருக்கும், யாரும் பேச மாட்டார்கள், அந்த மாதிரி அச்சத்தை ‘அன்ஆர்ட்டிகுலேட்டட் ஃபியர்’ என்பார்கள். முதலாவது ஆளுடைய நிலை, இரண்டாவது கருத்தினுடைய நிலை.

பெயர்ச்சொல்லாக, பேச்சுத் திறனைச் சொல்ல பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஆர்ட்டிகுலசி’ வரும். அமெரிக்காவில் படிக்கப் போகிறவர்கள் ‘ஆர்ட்டிகுலேஷன் அக்ரிமென்ட்’ என்ற தொடரைப் பார்க்கலாம். கம்யூனிட்டி காலேஜில் எடுத்த மதிப்பெண் அலகுகளைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வதற்காக இரண்டும் போட்டுக்கொள்ளும் உடன்பாடு அது. மறுபடியும் மூட்டுதான்.

படி 6: பக்கத்து வீட்டுச் சொற்கள்

ஃப்ளூயன்ட் என்பது தடையில்லாத ஓட்டம். லத்தீனில் ‘ஓடுதல்’ என்ற வேர். தண்ணீர் ஓடுவதற்குக் கணு தேவையில்லை. அதனால்தான் சரளமாகப் பேசியும் கேட்பவருக்கு ஒன்றும் பிடிபடாமல் போகிறது. எலோக்வென்ட் என்றால் சொல்வன்மையோடு உள்ளத்தைத் தொடுவது. மேடைக்கு ஏற்றது. மின்வாரியத்துக்குப் புகார் எழுத எலோக்வென்ட்டாக இருக்க வேண்டியதில்லை, ஆர்ட்டிகுலேட்டாக இருந்தால் போதும். கோஹிரென்ட் என்பது ஒன்றோடொன்று ஒட்டி நிற்பது, லூசிட் என்பது வெளிச்சம் போட்டது போன்ற தெளிவு, எனன்சியேட் என்பது எழுத்தெழுத்தாகத் திருத்தமாக உச்சரிப்பது. அவ்வளவு போதும். இவற்றில் குழப்பம் வருவது பெரும்பாலும் ஃப்ளூயன்டோடுதான்.

படி 7: பாராட்டாகச் சொன்னாலும் சுடுகிற இடம்

2007 தொடக்கத்தில், அதிபர் தேர்தலில் போட்டியிடப் போவதாக ஜோ பைடன் அறிவித்த நேரத்தில், பராக் ஒபாமாவைப் பற்றி ஒரு பேட்டியில் பாராட்டாகச் சொன்ன சொற்களில் ‘ஆர்ட்டிகுலெட்’டும் ஒன்று. பெரிய சர்ச்சை ஆனது. கறுப்பின மக்களில் தெளிவாகப் பேசுகிறவர் என்று தனியாகச் சுட்டினால், மற்றவர்கள் அப்படி இல்லை என்று ஆகிறதே என்பதுதான் எதிர்ப்பு. பைடன் வருத்தம் தெரிவித்தார். 2008இல் ஒபாமா அவரையே துணை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தார் என்பது வேறு கதை.

நமக்கும் இந்த வலி தெரியும். “கிராமத்துல இருந்து வந்தும் எவ்வளவு அழகாப் பேசுது பாரு” என்று ஒரு மாணவியைப் பார்த்துச் சொல்கிறவர் பாராட்டுவதாகத்தான் நினைக்கிறார். அந்த ‘வந்தும்’ அவளுக்கு எப்படிக் கேட்கும் என்று நினைப்பதில்லை. ஆளைப் பற்றி ‘யூ ஆர் சோ ஆர்ட்டிகுலெட்’ என்று சொல்வதைவிட, அவர் சொன்ன விஷயத்தைக் குறிப்பிட்டுப் பாராட்டுவது நல்லது. நீங்கள் விளக்கிய பிறகுதான் எனக்கு இது புரிந்தது என்று சொல்லுங்கள். அதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

படி 8: தமிழில் எப்படிச் சொல்வது

எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே சொல்லைத் தேட வேண்டாம். ‘கோர்வையாகப் பேசுதல்’ இணைக்கும் பாதியைச் சொல்கிறது. ‘நறுக்குத் தெறித்தாற்போல்’ துண்டாக்கும் பாதியைச் சொல்கிறது. இரண்டையும் நான் பயன்படுத்துகிறேன். ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’ இதற்குப் பொருந்தாது. அது தயவுதாட்சண்யம் இல்லாமல் முடிவாகச் சொல்வது. ‘வழவழ கொழகொழ’, ‘மென்று விழுங்குதல்’, ‘பூசி மெழுகுதல்’ ஆகியவற்றில் முதல் இரண்டும் எதிர்ப்பக்கம். மூன்றாவது, தெளிவாகச் சொல்லத் தெரிந்தும் சொல்லாமல் விடுவது.

வள்ளுவர் சொல்வன்மை அதிகாரத்தின் கடைசிக் குறளில் இதற்கு ஒரு தொடர் வைத்திருக்கிறார். ‘இணர்ஊழ்த்தும் நாறா மலரனையர் கற்றது உணர விரித்துரையா தார்.’ கொத்தாகப் பூத்தும் மணம் இல்லாத பூவைப் போன்றவர்கள், தாம் கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்ல முடியாதவர்கள். ‘உணர விரித்துரைத்தல்’ என்பதைவிட நெருக்கமான பொருள் எனக்கு வேறு கிடைக்கவில்லை. சுருட்டி வைத்திருந்ததை விரிக்க வேண்டும், கேட்பவர் உணர வேண்டும். இரண்டும் அதில் இருக்கின்றன.

படி 9: செய்து பார்ப்பது

அந்தப் பையனுக்கு வருவோம். அவன் செய்த ப்ராஜெக்ட், தோட்டத்து மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் கருவி. ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். ‘ஐஓடி பேஸ்டு’ என்று ஆரம்பித்து, சென்சார், ஆப், க்ளவுட் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. சரி, தமிழில் சொல் என்றேன். தமிழிலும் அதே குவியல்தான். மொழியில் சிக்கல் இல்லை என்பது அப்போது அவனுக்கே விளங்கியது.

நான்கு துண்டுச் சீட்டு கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வாக்கியம்: என்ன பிரச்சினை, என்ன செய்தாய், எங்கே இடித்தது, கடைசியில் என்ன ஆனது. எழுதி முடித்ததும் சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு இணைப்புச் சொல் போடச் சொன்னேன். ‘அதனால்’, ‘ஆனால்’, ‘அதற்குப் பிறகு’. அந்த மூன்றும்தான் மூட்டு. ஆங்கிலத்தில் ‘சோ’, ‘பட்’, ‘ஆஃப்டர் தட்’. இருபது நிமிடம் எடுத்துக்கொண்டான். பிறகு எழுந்து நின்று சொன்னான்:

“எங்க ஊர்ல த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வரும், அப்பா எழுந்து போய் மோட்டார் போடணும். அதனால மண்ணோட ஈரத்தைப் பார்த்துத் தானா மோட்டாரைப் போட்டு நிறுத்துற கருவி செஞ்சேன். ஆனா நான் முதல்ல வச்ச மலிவு சென்சார் மண்ணுக்குள்ள சில வாரத்துலயே அரிச்சுப்போச்சு. அதுக்கப்புறம் உலோகம் மண்ணுல படாத கெபாசிட்டிவ் சென்சார் போட்டேன், அது இன்னும் ஓடுது. இப்ப அப்பா ராத்திரி தூங்குறார்.”

அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். ஒரு இடத்தில் காலம் தப்பியது, ‘கரோடட்’ என்ற சொல் வராமல் ‘டேமேஜ்டு’ என்றான். நான் திருத்தவில்லை. அடுத்த மாதிரி நேர்காணலில், கேள்வி கேட்டவர் அந்த சென்சாரைப் பற்றியே பத்து நிமிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.